ஆராய்ச்சியிற் புகுவோரும் ஆற்றுப்படுத்துவோரும்

நூலின் இயல்பு, ஆசிரியனியல்பு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கனியல்பு, பாடங் கேட்கும் முறை என ஐந்து பொருள்களை நன்னூலார் பொதுப்பாயிரத்தில் வகுத்துக் கூறினார். அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவரிடஞ் செல்லும் வழி முழுவதையும் இவ்வைந்தினுள் அடக்கிய திறம் போற்றத்தக்கது. பாலர் வகுப்பிலிருந்து பட்ட வகுப்பு வரை நாம் நடத்துங் கல்வியை இவ்வைந்தினாலும் அளந்து குறைநிறை காணலாம்.

ஆயின், பட்ட வகுப்பைக் கடந்து ஆராய்ச்சி என்னும் வாயிலில் ஒருவன் கால் வைத்ததும் இவ்வைந்தனுள் முதலாவது மறைந்து விடுகின்றது. அங்கே நூல் இல்லை. இனித்தான் அஃது எழுதப்பட வேண்டும். எழுத வேண்டியவனும் மாணாக்கனே. ஆசிரியன் அறியாத ஒன்றை அவன் கண்டறிந்து, கண்டறிந்ததை ஆசிரியனும் ஒப்புமாறு நிறுவுதல் வேண்டும். தான் அறியாத ஒன்றை ஓர் ஆசிரியன் எவ்வாறு கற்பித்தல் கூடும்? ஆராய்ச்சிப் பயிற்சியென்னும் பொருளின் உள்ளீடு இவ்வொரு வினாவிலே அடங்கியுள்ளது. பல்கலைக்கழகங்களிற் புதிதாக ஆராய்ச்சியில் இறங்கும் இளைஞர்க்குப் பயிற்சியும் துணையும் அளித்தல் பற்றி உலகெங்கும் பேசப்படும் இந்நாளில், அவ்வினாவிற்கு அறிஞர் கண்ட விடைகளைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புலமை பிறவியில் வருவது. ஆராய்ச்சித் திறனும் அவ்வாறே. அஃது உடையோன் தானே முளைத்தெழுவான், இல்லோனுக்கு எவராலும் ஊட்ட முடியாது என்பது முற்காலத்தோர் பலரின் எண்ணம். இவ்வெண்ணத்தைத் தகர்த்தோருள் ஜேர்மனிய இரசாயன அறிஞர் லீபிக் முதன்மையானவர். 1824இல், தமது இருபத்தோராவது வயதில், அவர் கீசன் என்னுஞ் சிற்றூரின் பல்கலைக்கழகத்திற் பேராசிரியப் பணியை ஏற்றார். அவருக்குக் கிடைத்த ஆய்வுகூடம் முன்னர்ப் படைவீரர் காவலிருந்த கட்டடம். அங்கே அவர் தாம் ஒருவராகவே ஆராயாது, மாணவரைக் குழுவாகச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவர்க்கும் ஒரு வினாவைக் கொடுத்து, நாள்தோறும் அவர்தம் வேலையைப் பார்வையிட்டு வந்தார்.

1831இல் அவர் அமைத்த ஐங்குமிழ்க் கண்ணாடிக் கருவி இம்முறைக்கு வலிமை தந்தது. ஒரு பொருளை எரிக்கும்போது வெளிப்படுங் கரியமில வாயுவைக் காரக் கரைசலிற் பிடித்து நிறுத்து, அப்பொருளிலுள்ள கரியின் அளவை அறிதற்கு அக்கருவி உதவியது. முன்னர்த் தேர்ந்த அறிஞரும் இடர்ப்பட்டுச் செய்த வேலையை நடுத்தர ஆற்றலுடைய மாணவனும் பிழையறச் செய்தல் கூடுமாயிற்று. ஆராய்ச்சி சிலரது பிறவிச் சொத்தன்று, முறையாகப் பயின்றாற் பலர்க்குங் கைகூடும் தொழிலே என்பதைக் கீசன் உலகிற்குக் காட்டியது.

இம்முறையின் மற்றொரு பயன் தலைமுறைத் தொடர்ச்சியாகும். லீபிக்கிடம் பயின்ற ஹொவ்மன் 1845இல் லண்டன் சென்று அங்கே இரசாயனக் கல்லூரியை நடத்தினார். அவரிடம் உதவியாளராயிருந்த பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் 1856இற் கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்று, எதிர்பாராது ஊதாச் சாயத்தைக் கண்டார். செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து கிளைத்தது. காவற்கூடமொன்றில் ஒருவர் தொடங்கிய பழக்கம், அவர் மாணவர்க்கு மாணவர் கையிற் புதியதொரு கைத்தொழிலாக விளைந்தமை நோக்குக.

கலைத்துறைகளில் ஆய்வுகூடத்தின் இடத்தை ஆய்வரங்கு பெற்றது. விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேச மாணவர் எழுதுவர். ஆய்வரங்கிலோ ஒரு மேசையைச் சுற்றி எல்லோரும் இருப்பர். நடுவே ஒரு பழைய ஆவணம் இருக்கும். இதனை எழுதினோர் யார், எப்போது, யாருக்காக, எதனை மறைத்து எழுதினார் என்னும் வினாக்களை மாணவர் எழுப்புவர். ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுப்பர். ஆசிரியர் கூற்றும் மறுக்கப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரலாற்றறிஞர் ராங்கே பெர்லினில் இவ்வாறு மாணவரைப் பயிற்றினார்.

ஜேர்மனியில் விளைந்த இந்நடைமுறை பிறநாடுகளிலும் பரவியது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் முதன்முதலாகக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1876இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியையே தன் முதற் பணியாகக் கொண்டது. இங்கிலாந்து காலந் தாழ்த்தது. ஒக்ஸ்போட் அப்பட்டத்தை ஏற்றது 1917இலே. எனினும், 1895இற் கேம்பிறிஜ் பல்கலைக்கழகம் பிறவிடத்துப் பட்டதாரிகளை ஆராய்ச்சி மாணவராக ஏற்க முன்வந்தது. அவ்வாண்டே நியூசிலாந்திலிருந்து புலமைப்பரிசில் பெற்று வந்து சேர்ந்தவர் றதபோட். பின்னாளில் அவரே இளைஞரை ஆராய்ச்சியிற் புகுத்துவதில் இணையற்றவரெனப் பெயர் பெற்றார்.

அவர் மான்செஸ்ரரிற் பேராசிரியராயிருந்த 1909ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்றை ஈண்டு விரித்துரைத்தல் பொருந்தும். அவருடைய துணைவர் கைகர், மார்ஸ்டன் என்னும் இருபது வயது மாணவனைச் சுட்டி, இவ்விளைஞன் சிறியதோர் ஆராய்ச்சியைத் தொடங்கலாமன்றோ என வினாவினார். மார்ஸ்டன் அப்போது முதற் பட்டமும் பெறாதவர். றதபோட் அதற்கிசைந்து, மெல்லிய உலோகத் தகட்டின்மேல் விழும் அல்பாத் துணிக்கைகளுள் எவையேனும் பெருங்கோணத்திற் சிதறுகின்றனவா எனப் பார்க்கச் சொன்னார். சிதறுமென அவர் பெரிதும் எதிர்பார்க்கவில்லை. இருளறையிலமர்ந்து, திரையிற் தோன்றும் நுண்ணிய ஒளிப்பொட்டுக்களை உருப்பெருக்கியால் எண்ணியபோது, ஏறத்தாழ 8,000 துணிக்கைகளுக்கு ஒன்று வந்த வழியே திரும்புவது புலனாயிற்று. அணுவின் நடுவே செறிந்ததொரு கரு உண்டு என 1911இல் றதபோட் வெளியிட்ட கொள்கைக்கு வித்து இதுவேயாகும்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, கொடுக்கப்பட்ட வினா சிறியது; சில கிழமைகளிற் செய்து முடிக்கத்தக்கது. இரண்டாவது, அஃது உண்மையான வினா. விடை தெரிந்துகொண்டு மாணவனைச் சோதிக்கும் பயிற்சிக் கணக்கன்று. மூன்றாவது, 1909இல் அம்முடிவு வெளிவந்தபோது கட்டுரையின் தலைப்பில் இருந்தவை கைகர், மார்ஸ்டன் என்னும் இரு பெயர்களே. வினாவைத் தந்த பேராசிரியர் தம் பெயரை அதிற் சேர்க்கவில்லை. தான் அறியாததை ஓர் ஆசிரியன் எவ்வாறு கற்பிப்பான் என்னும் வினாவிற்கு இங்கே ஒருவாறு விடை கிடைக்கின்றது. தான் அறியாததொன்றை அறியும் முயற்சியில் மாணவனைப் பங்காளியாக்கி, கை செய்வதைக் கண் கண்டு பழக விடுதலே அவ்விடை.

எனினும், எல்லார்க்கும் ஒரே வகைத் துணை பொருந்தாது. கணித மேதை இராமானுசன் வரலாறு இதற்குச் சான்று. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராயிருந்த அவர் 1913 சனவரியிற் கேம்பிறிஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவிப் பணமாக வழங்கியது. 1914இல் அவர் கேம்பிறிஜ் சேர்ந்தார். அவருக்குக் குறைவாயிருந்தது ஆற்றலன்று. தாம் கண்ட முடிபுகளுக்குப் பிறர் ஒப்பும் நிறுவல் தருதல், ஐரோப்பாவில் அக்காலம் வரை கண்டறியப்பட்டவற்றை அறிதல் என்னும் இரண்டுமே அவர்க்கு வேண்டியிருந்தன. ஆனால், பாடப்புத்தக ஒழுங்கில் அவரை அடைத்துப் பயிற்றினால் இயல்பான ஊற்று வற்றிவிடுமோ என ஹார்டி அஞ்சினார். ஆகவே இன்றியமையாதவற்றை மட்டும் உடனிருந்து உணர்த்தி, ஏனையவற்றில் அவர் போக்கிலே விட்டார். 1918இல் இராமானுசன் றோயல் சங்க உறுப்பினரானார்.

இவ்வரலாற்றிற்கு மறுபக்கமும் உண்டு. முதல் உலகப் போர்க்காலத்திற் குளிர்நாட்டில், தமக்கேற்ற மரக்கறியுணவு அரிதாகிய நிலையில், தனிமையில் வாழ்ந்த அவ்விளைஞர் 1917இல் நோயுற்றார்; 1920இல், முப்பத்திரண்டாவது வயதில், மறைந்தார். கணிதத்தில் அவருக்குத் துணையிருந்தது. ஏனைய வாழ்விற்கு அத்துணை போதவில்லை. ஆராய்ச்சி மாணவனுக்கு மூளையோடு உடலும் உள்ளமும் உண்டென்பதைப் பல்கலைக்கழகங்கள் உணர்வதற்கு நெடுங்காலஞ் சென்றது.

உழைப்பிற்குரிய பெயர் உழைத்தவனைச் சேருமோ என்பது பிறிதொரு சிக்கல். 1967இற் கேம்பிறிஜில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜொசலின் பெல், வானொலித் தொலைகாட்டியின் பதிவுத் தாள்களை அடியடியாக நோக்கி வருகையில், ஒழுங்கான இடைவெளியில் வருமொரு நுண்ணிய துடிப்பைக் கண்டார். அது கருவியின் கோளாறன்று என உறுதியாகும் வரை அவர் அதனை விடவில்லை. துடிப்பு விண்மீன்கள் இவ்வாறு அறியப்பட்டன. 1968இல் வெளிவந்த கட்டுரையில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. 1974இல் அக்கண்டுபிடிப்பிற்காக நோபெல் பரிசு பெற்றவர் அவருடைய மேற்பார்வையாளர் ஹியூவிஷ். அவருடன் ரைல் என்பாரும் வேறு பணிக்காகப் பரிசிற் பங்கு பெற்றார். பெல் இதுபற்றிக் கசந்து பேசியவரல்லர். ஆயினும் அவர் பொறுமை அவர்க்குப் பெருமை தருவதேயன்றி, வழக்கத்தை நியாயமாக்கிவிடாது. மான்செஸ்ரரில் மார்ஸ்டனுக்குக் கிடைத்தது எல்லா இடத்திலும் எல்லார்க்குங் கிடைப்பதன்று என்பதே நாம் அறிய வேண்டுவது.

நல்லாசிரியர் வாய்த்தால் மாணவன் உயர்வான், வாய்க்காவிடில் அவன் ஊழ் என்று விட்டுவிடுதல் சிலரே ஆராய்ந்த காலத்திற் பொறுக்கத்தக்கதாயிருந்திருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆராய்ச்சி மாணவர் தொகை பன்மடங்காயிற்று. பட்டம் பெற்ற பின்னரும் ஓராண்டு, ஈராண்டு என்னும் ஒப்பந்தங்களில் இடத்துக்கிடம் பெயர்ந்து உழைக்கும் இளைஞர் கூட்டமொன்று தோன்றியது. 2010இல் லண்டன் றோயல் சங்கம் வெளியிட்ட அறிக்கையொன்றின்படி, பிரித்தானியாவில் அறிவியற் கலாநிதிப் பட்டம் பெறுவோருள் 100க்கு 53 பேர் பட்டத்தோடு அத்துறையை விட்டு வேறு தொழில்களுக்குச் செல்கின்றனர். பல்கலைக்கழகத்தில் நிலையான ஆராய்ச்சிப் பதவி பெறுவோர் 3.5 வீதத்தினர், பேராசிரியராவோர் 0.45 வீதத்தினர். அஃதாவது 1,000 பேருள் பேராசிரியராவோர் நால்வர் அல்லது ஐவர். எஞ்சியோரை எதற்காகப் பயிற்றினோம் என்னும் வினா எழுதல் இயல்பே.

இவ்வினாவிற்கு அரசுகள் விடை காண முற்பட்டன. 2002இற் சேர் கரெத் றொபேட்ஸ் பிரித்தானிய அரசுக்களித்த அறிக்கை, ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஆண்டுதோறும் இரண்டு கிழமையாயினுந் தனிப்பயிற்சி தரவேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதற்கென 2011 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மில்லியன் பவுண் ஒதுக்கப்பட்டது. ஆராய்ச்சியாளரை நடத்தும் முறைபற்றிப் பல்கலைக்கழகங்களும் நிதி வழங்குவோரும் 1996இற் செய்துகொண்ட பொது உடன்பாடு 2008இலும் 2019இலும் திருத்தப்பட்டது. இறுதித் திருத்தம், ஆராய்ச்சியாளர்க்குத் தம் தொழில் வளர்ச்சிக்கென ஆண்டிற் குறைந்தது 10 நாள் தரப்பட வேண்டுமென விதித்தது. 2010இல் வகுக்கப்பட்ட சட்டகமொன்று ஆராய்ச்சியாளனுக்கு வேண்டிய இயல்புகள் 63 எனக் கணக்கிட்டு, அவற்றை அறிவுத்திறன், தன்னை ஆளுந்திறன், ஆராய்ச்சியை நடத்துந்திறன், பிறரோடு பழகிப் பயன் விளைக்குந்திறன் என நான்காகப் பகுத்தது. அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான நிறுவனம், பட்டம் பெற்ற இளம் ஆராய்ச்சியாளரை அமர்த்தப் பணங் கேட்போர், அவ்விளைஞரை எவ்வாறு வழிப்படுத்துவர் என ஒரு பக்கத்தில் எழுதித் தரவேண்டுமென 2009 முதல் விதித்தது. 2024இல் அவ்விதி பட்டப்பின் மாணவர்க்கும் விரிந்தது.

இவை நற்செயல்களே. கட்டுரை எழுதும் முறை, அவையிற் பேசும் முறை, புள்ளிவிபரம், ஆராய்ச்சி ஒழுக்கம், நிதிக்கு விண்ணப்பித்தல், வகுப்பு நடத்துதல் என்பன கற்பிக்கத்தக்கவை. கூட்டமாக இருத்திக் கற்பித்தலுங் கூடும். ஆயின், பத்து நாட் பயிற்சியும் பத்துச் சான்றிதழும் பெற்ற பின்னரும் ஒருவன் தன் ஆராய்ச்சியில் வழி தெரியாது தவித்தல் கூடும். நான் எடுத்துக்கொண்டது வினாவா, வீண் முயற்சியா? கிடைத்த முடிபு கொள்கைக்கு மாறாயின் எதனை ஐயுறுவது? மேற்பார்வையாளரோடு கருத்து மாறுபட்டால் எவ்வாறு சொல்வது? இத்துறையை விட்டுப் போதல் தோல்வியாகுமா? இவற்றை எந்த வகுப்பிலும் பொதுவாகச் சொல்லிக் கொடுத்தல் இயலாது.

ஆகவே மூவரை நாம் வேறுபடுத்தி உணர்தல் வேண்டும். மேற்பார்வையாளன் ஆராய்ச்சியின் தரத்திற்குப் பொறுப்பாளி. பயிற்றுநன் திறன்களைக் கற்பிப்பவன். மூன்றாமவனை எவ்வாறு அழைப்பது? நம் முன்னோர் இலக்கியத்தில் அவனுக்குரிய பெயர் உண்டு. ஆற்றுப்படை என்னும் நூல்வகையிற் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ பொருநனோ கூத்தனோ, வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனை நிறுத்தி, தான் சென்ற வழியையும், வழியிடை ஏதங்களையும், சென்று சேரும் இடத்தையும் விளக்கிக் கூறுகின்றான். இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆற்றுப்படுத்துவோன் பரிசில் தரும் வள்ளல் அல்லன். எதிர்ப்பட்டவனைப் போன்றே நேற்று வறுமையில் வாடியவன். கொடுப்பவனுங் கேட்பவனுமாகிய உறவு அவர்களிடை இல்லாமையால், மறைக்கவேண்டுவது எதுவும் இல்லை.

ஆராய்ச்சியிலும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. மேற்பார்வையாளன் எத்துணை நல்லவனாயினும் மாணவனது நற்சான்றும் வருங்காலமும் அவன் கையில் உள்ளன. மாணவன் உழைப்பால் அவனுக்கும் பயனுண்டு. தன் மயக்கத்தையும் மனக்குறையையும் மாணவன் அவனிடம் முற்றுந் திறந்து கூறுவானல்லன். நான்கைந்து ஆண்டுகள் முன்னே சென்ற ஒருவர், வேறு துறையினராயினும், வாரத்தில் ஒருமுறை தேநீர்க் கோப்பையோடு அமர்ந்து கேட்பாராயின், அவனுடைய பாரம் பாதி குறையும்.

இனி நம் நாட்டை நோக்குவாம். 1921இற் கொழும்பிற் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் தேர்வுகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னரும் கலாநிதிப் பட்டத்திற்குக் கடல் கடந்து செல்லுதலே நெடுங்காலம் வழக்காயிருந்தது. பேராசிரியர் கைலாசபதியும் பேராசிரியர் சிவத்தம்பியும் பேர்மிங்காமிற் பயின்றனர். பண்டைத் தமிழ் வீரயுகப் பாடல்களை ஒருவரும், பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகத்தை மற்றவரும் ஆராய்ந்தனர். இருவர்க்கும் வழிகாட்டியவர் ஜோர்ஜ் தொம்சன் என்னுங் கிரேக்கமொழிப் பேராசிரியர். சங்கப் பாடலைப் பாடஞ் சொல்ல அவர்களுக்கு அவர் வேண்டியதில்லை. கிரேக்க இலக்கியத்தை அது தோன்றிய சமுதாயத்தோடு பொருத்தி நோக்கிய அவரது முறையே அவர்களுக்கு வேண்டியிருந்தது. வழிகாட்டி தருவது செய்தியன்று, நோக்கும் முறையே என்பதற்கு இதனினும் நமக்கு அணுக்கமான சான்று வேண்டுவதில்லை.

வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் பெற்றவன் யான். பகலிற் கற்பித்து இரவிற் கற்றேன். ஐயந் தோன்றினால் மறுபடியும் அந்நூலையே புரட்டுவதன்றி வேறு வழியில்லை. பட்டம் பெற்ற பின்னர் எங்கள் பகுதி இடப்பெயர்களை ஆராயும் ஆசையால், படங்களிலிருந்தும் முதியோரிடமிருந்தும் ஈராண்டாகச் சில நூறு பெயர்களைத் திரட்டினேன். ஒருநாள் நூலகத்திற் சந்தித்த ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் என் குறிப்பேட்டைப் பார்த்து, இப்பெயர்களின் பழைய எழுத்து வடிவம் எங்கே என ஒரே வினாவை வினவினார். இன்றைய ஒலியைக் கொண்டு நேற்றைய பொருளை ஊகித்தல் மணல்மேற் கட்டிய வீடென்றும், ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளிற் தொடங்க வேண்டுமென்றும் அரைமணி நேரம் எடுத்துரைத்தார். ஈராண்டில் எனக்குப் புலப்படாதது அவ்வரைமணியிற் புலப்பட்டது. அவர் என் ஆசிரியருமல்லர், மேற்பார்வையாளருமல்லர். அவ்வழியில் முன்னரே சென்று வந்தவர்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி இன்று தகுதிகாண் விரிவுரையாளராய் இருக்கின்றாள். கற்பிக்கும் முறைபற்றிப் புதிய விரிவுரையாளர்க்கு நம் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் பயிற்சியை அவள் முடித்துவிட்டாள். அது பயனுடையதென்றே எழுதுகின்றாள். ஆயினும், அண்மையில் வந்த கடிதத்தின் ஈற்றில் இவ்வாறு எழுதியிருந்தாள்: "பிழை விடுவேனென்ற பயம் எனக்கில்லை, சேர். பிழையென்று சொல்ல ஒருவருமில்லையே என்பதுதான் பயம்." வகுப்பு முடிந்து விடைத்தாள்களைத் திருத்தி, நிருவாக வேலைகளும் பார்த்து, இரவில் ஆராய்ச்சிக்கு அமரும் அவள் நிலை தனியொருத்தியின் நிலையென்று யான் கருதவில்லை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொருவர்க்கும், அவர் பதவியுயர்வில் எவ்விதத் தொடர்புமில்லாத மூத்தோர் ஒருவரை முதல் நாளிலேயே துணையாகக் குறித்தல் கூடும். அத்துணைக்குச் செலவாகும் நேரத்தை மூத்தவரின் பணியாகவே கணக்கிடுதல் கூடும். ஆராய்ச்சி மாணவர் தம்முட் கூடி, முடிந்த கட்டுரையன்றி முடியாத கட்டுரையை ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டும் அரங்கொன்றை மாதந்தோறும் நடத்துதல் கூடும். ஓய்வுபெற்றோரும் பிறநாடுகளில் வாழும் பழைய மாணவரும் இதிற் பங்குகொள்ள மனமிருந்தாற் போதும். தொலைவைக் கடக்கும் வசதி இன்று எவர் கையிலும் உளது.

ஜொசலின் பெல் வரலாற்றின் பிற்பகுதியை ஈண்டுக் கூறி அமைவாம். 2018இல் அவருக்கு 3 மில்லியன் டொலர் மதிப்புள்ள பரிசொன்று வழங்கப்பட்டது. அப்பணம் முழுவதையும், பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்ய விரும்பியும் வாய்ப்புக் குறைந்த பிரிவினராகிய மாணவர்க்குப் புலமைப்பரிசிலாக அவர் கொடுத்துவிட்டார். தமக்கு உரியகாலத்தில் வந்து சேராத பரிசு தம் முதுமையில் வந்தபோது, அதனைக் கையில் வைத்துக்கொண்டு வழிநின்று, எதிரே வருவோரை அழைத்தார். ஆற்றுப்படுத்தல் என்பது இதுவே. நம்முள் சிறிதேனும் வழி நடந்தோர் யாவரும், நமக்குப் பின்னே தனித்து வருவோரைத் திரும்பிப் பார்த்து ஒரு சொற் சொல்வோமாக.